சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் உங்கள் குடும்பமும்

பாடத்தின் நோக்கம்: இப்பாடத்தைப் படித்து முடித்ததும், உங்கள் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்னென்ன வேலைகளைச் செய்கிறது, அதில் யாரிடம் எதற்குச் செல்லவேண்டும், ஊர் திரும்பிய முதல் வாரத்தில் நீங்கள் செய்யவேண்டியவை எவை என்பவற்றை அறிந்துகொள்வீர்கள்.

1. இது ஆஸ்பத்திரி அல்ல

நோய் வந்தபின் சிகிச்சை பெறும் இடம் ஆஸ்பத்திரி. நோய் வராமல் காப்பது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வேலை. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த இந்த ஏற்பாடு இன்று நாடு முழுவதும் உள்ளது. இதன் சேவைகளுக்குக் கட்டணம் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நோயாளி போகிறார். இப்பணிமனையின் உத்தியோகத்தர்களோ உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஆனால் அவர்களுடைய பதிவேட்டில் உள்ள வீடுகளுக்கே வருவார்கள். பல வருடம் பூட்டியிருந்த வீட்டில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை யாராவது சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். ஆகவே நீங்கள் வந்துவிட்டதை நீங்களே அறிவிக்கவேண்டும்.

2. யார் எதற்குப் பொறுப்பு?

சுகாதார வைத்திய அதிகாரி: பணிமனையின் தலைவர், ஒரு வைத்தியர். பிரதேசத்தின் கிளினிக்குகள், தடுப்பூசி, தொற்றுநோய்க் கட்டுப்பாடு யாவும் இவரின் பொறுப்பு.

குடும்பநல உத்தியோகத்தர்: ஊரில் மருத்துவமாது, மிட்வைஃப் என்று சொல்வோமே, அவர்தான். கர்ப்பிணித் தாய்மார், பிரசவித்த தாய்மார், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், குடும்பத் திட்டமிடல் ஆகியவற்றைக் கவனிக்கிறார்.

பொதுச் சுகாதார பரிசோதகர்: பலரும் பி.எச்.ஐ. என்று அழைப்பவர். கிணறு, மலசலகூடம், நுளம்பு, உணவுக் கடைகள், பாடசாலைச் சுகாதாரம், தொற்றுநோய் விசாரணை ஆகியவை இவருக்குரியவை.

உங்கள் பிரிவுக்குரிய இருவரும் யார் என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள்.

3. முதல் வேலை: குடும்பத்தைப் பதிவு செய்தல்

குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தித்து, வீட்டில் உள்ளோரின் பெயர், வயது, இதற்குமுன் இருந்த இடம் ஆகியவற்றைக் கொடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நாள் கடத்தவேண்டாம். கர்ப்பம் தரித்து 8 கிழமைக்குள் பதிவு செய்வது சிறந்தது. ஆனால் ஏழாம் மாதத்தில் ஊர் திரும்பியிருந்தாலும் பதியலாம். பிந்திவிட்டது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். இரத்த அழுத்தம், இரத்தச்சோகை, நீரிழிவு ஆகியவற்றைக் கிளினிக்கில் நேரத்தோடு கண்டுபிடித்தால், பிரசவத்தில் தாயின் உயிருக்கு வரும் பல ஆபத்துகளைத் தவிர்க்கலாம்.

பிரசவம் முடிந்து வீடு வந்ததும் அவருக்கு அறிவியுங்கள். முதல் 10 நாட்களுக்குள் தாயையும் பிள்ளையையும் அவர் வீட்டில் வந்து பார்க்கவேண்டும். பிள்ளையின் நிறையை மாதந்தோறும் நிறுக்கக் கொண்டுசெல்லுங்கள். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் திரிபோஷா கிளினிக்கினூடாகவே வழங்கப்படுகிறது.

4. தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால்

இடம்பெயரும்போது எத்தனையோ பொருட்களுடன் பிள்ளையின் சுகாதார அட்டையும் போயிருக்கலாம். இதற்காக யாரும் உங்களைக் கண்டிக்க உரிமையில்லை. அட்டை இல்லை என்று கூச்சப்பட்டு வீட்டில் நிற்பதே பிள்ளைக்குக் கேடு. கிளினிக்குக்குப் போகும்போது:

• முன்பு எந்த ஊரில், எந்த முகாமில், எந்தக் கிளினிக்கில் ஊசி போட்டீர்கள் என்று சொல்லுங்கள். அங்குள்ள பதிவேட்டில் விபரம் தேடலாம்.
• இந்தியாவிலிருந்து திரும்பியிருந்தால் அங்கு தந்த அட்டையைக் கொண்டுசெல்லுங்கள்.
• பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு இடது மேற்கையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஊசிகள் இடையில் விடுபட்டிருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து வைத்திய அதிகாரி ஒழுங்குபடுத்துவார். புதிய அட்டை கிடைத்ததும் அதன் இரு பக்கங்களையும் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

5. கிணறு

நெடுநாள் கைவிடப்பட்ட கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தவேண்டாம். முதலில் இவற்றைக் கவனியுங்கள்:

• உங்கள் வளவில் கண்ணிவெடி அகற்றப்பட்டது என்ற உறுதி கிடைக்கும்வரை கிணற்றில் இறங்கவும் வேண்டாம், வாளி விடவும் வேண்டாம். கிணறுகளுக்குள் வெடிபொருட்கள் கிடந்திருக்கின்றன. சந்தேகமான பொருள் தெரிந்தால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.
• எண்ணெயில் ஓடும் நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்காதீர்கள். அதன் புகை உள்ளே தேங்கி, இறங்கியவரை நிமிடங்களில் கொல்லும்.

பின்னர் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் அறிவித்து, கிணற்றை இறைத்து, சேற்றை அகற்றி, ஊறிய புது நீருக்குக் குளோரின் இடவேண்டும். எவ்வளவு தூள் என்பது தண்ணீரின் அளவைப் பொறுத்தது. உதாரணமாக, 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீராழமும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 14,000 லீற்றர் தண்ணீர் இருக்கும். (விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தாலும் பெருக்கி, 785ஆல் பெருக்குக: 3 × 3 × 2 × 785.) இந்த இரு அளவுகளையும் நீங்கள் எடுத்துவைத்தால் அவருடைய வேலை எளிதாகும். தூளின் வீரியத்தைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பவர் அவரே. அவர் சொல்லும் நேரம்வரை தண்ணீர் அள்ளவேண்டாம்.

குளோரின் கிருமிகளைக் கொல்லும். உவரையோ, தோட்டப் பசளையிலிருந்து நீரில் இறங்கும் நைத்திரேற்றையோ அகற்றாது. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. அது கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. தோட்டங்கள் நெருங்கிய இடங்களில், குறிப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டில், நீர்ப் பரிசோதனை செய்து தரும்படி கேளுங்கள்.

6. மலசலகூடமும் நுளம்பும்

மலசலகூடக் குழிக்கு இடம் தெரிவதற்குமுன் பொதுச் சுகாதார பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். குடாநாட்டின் சுண்ணக்கல் தரையில் கழிவுநீர் பாறை வெடிப்புகளினூடாக விரைவாகக் கிணற்றைச் சேரும். உங்கள் கிணற்றுடன் அயல் வளவுக் கிணற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இடிந்த வீடுகள், சிரட்டைகள், ரயர்கள், அடைபட்ட பீலிகள் ஆகியவற்றில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி வளவைச் சுத்தமாக வைத்திருப்பது உரியவரின் கடமை. பக்கத்து வளவுக்காரர் இன்னும் திரும்பவில்லையென்றால் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

7. காய்ச்சல் வந்தால்

இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012இன் பின் பதிவாகவில்லை என்பதால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பினம் மன்னாரில் கண்டறியப்பட்டது. அது கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும். ஆகவே இந்தியாவிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால் அந்தப் பயணத்தை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். உங்கள் கிணற்றில் சிறு மீன்களை விட உத்தியோகத்தர்கள் வந்தால் இடம் கொடுங்கள்.

பற்றையாகிக் கிடந்த வயலைத் திருத்துவோர் எலிக்காய்ச்சலைக் கவனிக்கவேண்டும். வயலில் இறங்குமுன் தடுப்பு மாத்திரை பற்றிப் பரிசோதகரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அதைத் தாமாக எடுக்கக்கூடாது. காய்ச்சலுடன் தசைநோவு, கண்சிவப்பு, சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் இத்தகைய நோய் என்று சந்தேகித்தால் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் அனுப்புவார்கள். அதன்பின் பரிசோதகர் உங்கள் வீட்டுக்கு வருவார். அவர் குற்றம் பிடிக்க வருபவர் அல்லர். நோய் எங்கிருந்து தொற்றியது என்று அறிந்து, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பரவாமல் தடுக்கவே வருகிறார். சரியான முகவரியையே ஆஸ்பத்திரியில் கொடுங்கள். முகாம் முகவரியைக் கொடுத்தால் அவர் முகாமுக்கே போவார்.

8. யாரும் வராவிட்டால்

மீள்குடியேறிய பிரதேசங்களில் ஆளணி குறைவு. ஓர் உத்தியோகத்தர் பல பிரிவுகளைப் பார்க்கக்கூடும். இரண்டு வாரத்திலும் ஒருவரும் வராவிட்டால் நேரில் பணிமனைக்குச் செல்லுங்கள். பல குடும்பங்கள் சேர்ந்து, வீடுகள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கிணறுகள் ஆகியவற்றின் தொகையைக் குறித்து ஒரு கடிதமாகக் கொடுப்பது நல்லது. அத்தொகைகளைக் கொண்டே கிளினிக் நாளையும் ஆளணியையும் கேட்டுப்பெற அவர்களால் முடியும். கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்திருங்கள்.

கலந்துரையாடுங்கள்

1. உங்கள் ஒழுங்கையில் இன்னும் பதிவு செய்யாத குடும்பங்கள் எத்தனை? அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?
2. பிள்ளையின் தடுப்பூசி பற்றி உங்கள் கையில் என்ன ஆதாரம் உண்டு?
3. உங்கள் கிணற்றின் விட்டம், நீராழம் என்ன? அதில் எத்தனை லீற்றர் தண்ணீர் உள்ளது?