வேலிக்குத் திருகுகள்ளி: பாலில் கவனம்

ஆப்பிரிக்காவின் வறண்ட புதர்க்காடுகளைச் சேர்ந்தது திருகுகள்ளி. கொம்புக்கள்ளி என்றும் சொல்வதுண்டு. அங்குள்ள கள்ளிகள் பலவற்றில் ஜோடி ஜோடியாக முள் இருக்கும். இதில் முள்ளே கிடையாது. பென்சில் கனத்தில் பச்சைக் குச்சிகள்தான். சிற்றிலைகள் சீக்கிரமே உதிர்ந்துவிடுவதால் இலையின் வேலையைத் தண்டே செய்கிறது. 1753-ல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய தாவரவியல் பெயரிலும் மலபாரில் வழங்கிய 'திருக்கள்ளி' அப்படியே இருக்கிறது.

கென்யா, தான்சானியா நாடுகளில் வீட்டுக்கும் கால்நடைப் பட்டிக்கும் இதை உயிர்வேலியாக வளர்க்கிறார்கள். முள் இல்லாத செடி எப்படிக் காவல் காக்கும்? ஒடித்தால் வடியும் பாலுக்குப் பயந்தே கால்நடைகள் வாய் வைப்பதில்லை.

நடவு எளிது. ஒரு முழக் குச்சிகளை வெட்டி, நிழலில் சில நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின் நெருக்கமாக ஊன்றவேண்டும். நீர் தேங்கும் இடத்தில் அழுகிவிடும்.

கவாத்து செய்யும்போதுதான் ஆபத்து. பால் கண்ணில் தெறித்தால் கடும் எரிச்சலுடன் கருவிழி புண்ணாகும். சிலநாள் பார்வையே மங்கிவிடலாம். கண்ணாடி, கையுறை அணிந்து, முழுக்கைச் சட்டையோடு வெட்டுவது நல்லது. பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போகவேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடும் பழக்கம் வேண்டாம்.

மீன் வளர்க்கும் குட்டைக்கரையிலும் இதை நடக்கூடாது. பால் கலந்த தண்ணீரில் மீன் செத்து மிதக்கும்.