சிவப்பு அட்டையும் ஜனத்தொகைக் கணக்கும்

கேள்வி: ஐயா, புதுச்சேரி உறுவையாற்றில் ஒரே மனையில் நானும் என் தம்பியும் தனித்தனி உலை வைத்துக் குடித்தனம் செய்கிறோம். எங்களுக்குள் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. என்னிடம் இருப்பது ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் அட்டை. ஜனத்தொகைக் கணக்குக்கான வீட்டுக் கணக்கெடுப்பில் டி.வி., பைக், இன்டர்நெட் எல்லாம் கேட்கிறார்களாம். உள்ளதைச் சொன்னால் அட்டை மஞ்சளாகிவிடுமா? நான் சொன்னதைத் தம்பி கோர்ட்டில் காட்ட முடியுமா? பதிலே சொல்லாவிட்டால் என்ன?

பதில்: தங்கள் சந்தேகங்களுக்கெல்லாம் விடை, வாசலில் வந்து நிற்பவர் எந்தச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு வந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. 2027 மார்ச் 1-ஐ ஆதாரத் தேதியாகக் கொண்டு 2025 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்ட ஜனத்தொகைக் கணக்கு 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் நடைபெறுவது. அச்சட்டத்தின் 15-ஆவது பிரிவோ, கணக்கெடுப்பாளர் எழுதும் ஏட்டைப் பார்வையிட எவருக்கும் உரிமையில்லை என்றும், எந்த சிவில் வழக்கிலும் அதிலுள்ள குறிப்பு சாட்சியமாக ஏற்கத்தக்கதன்று என்றும், ஐயத்துக்கு இடமின்றி விதிக்கிறது. ஆகவே தம்பியின் வக்கீல் எவ்வளவு சமர்த்தரானாலும் அந்த ஏட்டைக் கோர்ட்டுக்கு வரவழைக்க இயலாது. உலை இரண்டானால் குடும்பம் இரண்டு என்று எழுதிக்கொள்வது கணக்கெடுப்பின் சம்பிரதாயமேயன்றி, அதனால் பாகம் பிரிந்துவிட்டதாக ஆகாது.

அட்டையைப் பற்றிய பயமும் இந்தக் கணக்கைப் பொறுத்தவரை அநாவசியமே. ஆனால் அந்தப் பயம் வெறும் பிரமையென்று நான் தள்ளிவிடவும் மாட்டேன். 2011-இல் நடந்த சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு ஏறக்குறைய இதே விதமான கேள்விகளையே கேட்டது. எனினும் அது 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் நடந்ததன்று. யாருக்குச் சலுகை, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கவே அதன் விவரங்கள் பயன்பட்டன. தேசிய மக்கள்தொகைப் பதிவேடும் 2003-ஆம் வருஷத்துக் குடியுரிமை விதிகளைச் சார்ந்ததாகையால், 15-ஆவது பிரிவின் காப்பு அதற்குக் கிடையாது. கேள்விகள் ஒன்றுபோல் இருப்பதனாலேயே ரகசியமும் ஒன்றுபோல் இருக்குமென்று ஜனங்கள் எண்ணிவிடுகிறார்கள். ஜெர்மனியில் 1983-இல், கணக்கெடுப்பில் சொன்னதை ஊர்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள அனுமதித்த விதியை அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது, இரண்டும் கலக்கக்கூடாது என்ற காரணத்தினால்தான்.

பதில் சொல்ல மறுத்தாலோ, வேண்டுமென்றே பொய் சொன்னாலோ ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தங்கள் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை சொன்னால் போதும். பத்திரமோ ரசீதோ காட்ட வேண்டியதில்லை. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லும்படி ஆண்களையோ, கணவன் பெயரைச் சொல்லும்படி மனைவியையோ கட்டாயப்படுத்தலாகாது என்று, கிராமத்து வழக்கத்தை மதித்து 8-ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய மருமகள்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்!

கேட்டறிந்ததைச் சர்க்காரின் முன்அனுமதியின்றி வெளியிடும் கணக்கெடுப்பாளருக்கு மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆயினும் அந்த வழக்கைத் தொடுக்கவே சர்க்காரின் அனுமதி வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. பாதிக்கப்பட்ட பிரஜை தானே நேரில் கோர்ட்டுக்குப் போக வழியில்லாதது பெருங்குறை என்பதே என் அபிப்பிராயம்.

வருகிறவர் தெரிந்த மனிதராயிருந்து, அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லக் கூச்சமானால், இம்முறை போனிலேயே தாங்களாகப் பதிவு செய்துகொள்ளும் வசதி உண்டு. பதிவு முடிந்ததும் கிடைக்கும் எண்ணைக் குறித்து வைத்து, அவர் வரும்போது காட்டினால் வேலை சுலபமாகும். ஆனால் பதிவைச் சரிபார்க்கும் பொறுப்பு அவருக்கு இருப்பதால், தாங்கள் எழுதியது அவர் கண்ணுக்கு முற்றிலும் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எப்படியாயினும் முதலில் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாங்குக் கணக்கு எண் கேட்டால் அவர் கணக்கெடுப்புக்கு வந்தவரல்ல.