வாசலைத் தாண்டினால் படபடப்பு

கேள்வி: வயது 41. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது செனாவாங்கில் தாமான் வீட்டில் இருக்கிறோம். போன வருடம் பசார் மாலாமில் திடீரென்று நெஞ்சு அடைத்து, கைகால் நடுங்கி, செத்தே போய்விடுவேன் என்று பயந்துவிட்டேன். இதயத்தில் ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கடை, கோயில், கொமுட்டர் எதற்கும் போவதில்லை. சாமானெல்லாம் கணவரே வாங்கி வருகிறார். மாமியார் காத்துக் கருப்பு என்று கயிறு கட்டிவிட்டார். சின்ன வயதில் பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் தொலைந்துபோனேன். அதனாலா?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதையே தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம், சகோதரி. அன்று உங்களுக்கு வந்தது பீதித் தாக்கு. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். மறுபடி வந்துவிடுமோ என்ற பயம்தான் உங்களை வீட்டில் அடைத்திருக்கிறது. இதற்கு அகோராஃபோபியா என்று 1871இல் பெயர் வைத்தவர் பெர்லின் மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால். அவர் விவரித்த நோயாளிகள் மூவருமே ஆண்கள். ‘பொம்பளைப் பயம்’ என்று சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பயம் எப்படி ஒட்டிக்கொள்கிறது, எப்படி விலகுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும், ஆல்பர்ட் என்ற குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்பைத் தட்டிப் பெரும் சத்தம் எழுப்பினார்கள். எலியைப் பார்த்தாலே அழுத குழந்தை, பிறகு முயலுக்கும் பயந்தது. கொடுமையான சோதனைதான். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் வேறு வழியில் போனார். பீட்டர் என்ற சிறுவனுக்கு முயல் என்றால் நடுக்கம். அது யாரும் ஆய்வுக்கூடத்தில் ஊட்டிய பயமல்ல. அவன் சாப்பிடும்போது முயலை நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் அவனே அதைத் தொட்டு விளையாடினான்.

உங்களுக்கும் அதே வழிதான். முதலில் கேட் வரை, பிறகு முக்குக் கடை, அப்புறம் கூட்டம் சேராத நேரத்தில் பசார் மாலாம். படபடப்பு வந்தால் ஓடிவராமல் அது அடங்கும்வரை அங்கேயே நில்லுங்கள். போகாமல் தப்பிக்கும்போது கிடைக்கும் நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. கணவர் அன்பால் செய்கிறார், ஆனால் அவர் சுமந்து வரும் பைதான் உங்களை உள்ளேயே வைத்திருக்கிறது. இனி அவர் கூட வரட்டும். பிறகு பத்தடி தள்ளி நிற்கட்டும்.

கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், குற்றமில்லை. ஆனால் அதை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து அரசாங்க கிளினிக்கில் கேட்டு, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். மருந்து கொடுத்தால், வேலை செய்யச் சில வாரங்களாகும், பாதியில் நிறுத்தாதீர்கள். இப்போதைக்கு வாசலையே தாண்ட முடியவில்லையென்றால், சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள்.