பழைய லாரிக்குக் கெட்டி ஆயில்

அன்புள்ள தம்பிக்கு,

நாமக்கல்லில் நீ புதிதாகத் தொடங்கியிருக்கும் பட்டறைக்கு வந்த அந்தப் பழைய ஆறு சிலிண்டர் லாரியில், என்ஜின் சூடேறியதும் ஆயில் பிரஷர் முள் இறங்கிவிடுகிறது என்றும், அதற்குப் பரிகாரமாக வழக்கமான 15டபிள்யூ-40 ஆயிலை விட்டு 20டபிள்யூ-50 ஊற்றும்படி முதலாளி வற்புறுத்துகிறார் என்றும் எழுதியிருந்தாய். வயதான என்ஜினுக்குக் கெட்டி ஆயில் என்பது நம் தொழிலில் நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. அதில் சத்தியத்தின் அம்சம் உண்டென்றாலும், அது எந்த அளவுக்கு உண்டென்று ஆராயாமல் நீ அதற்கு இணங்கிவிடலாகாது என்பதே என் அபிப்பிராயம்.

டபிள்யூவுக்கு முன் நிற்கும் எண் குளிரைப் பற்றியது. 15 என்பதை மைனஸ் 20 டிகிரியிலும், 20 என்பதை மைனஸ் 15 டிகிரியிலும் என்ஜின் சுழலும் நிலையைப் போலச் செய்து பார்க்கும் பரீட்சையால் நிர்ணயிக்கிறார்கள். குளிர்காலத்தில் காஷ்மீரத்துக்கு லோடு பிடிக்கும் வண்டிக்கு இந்த வித்தியாசம் முக்கியம்; சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடும் வண்டிக்கு அவ்வளவாக இல்லை. பின்னால் நிற்கும் எண்தான் உன் விஷயம். 100 டிகிரி உஷ்ணத்தில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை பாகுநிலை உள்ளது 40; அதற்கு மேல் 21.9 வரை உள்ளது 50.

ஆகவே 50 ஊற்றினால் முள் ஏறத்தான் செய்யும். ஆனால் அந்த முள் காட்டுவது, பம்பு தள்ளும் ஆயிலுக்கு வழியில் ஏற்படும் தடையையேயன்றி, பேரிங்குக்குப் போய்ச் சேரும் ஆயிலின் அளவை அன்று என்பதை நீ ஒருபோதும் மறக்கக் கூடாது. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றதனால் பிரஷர் இறங்கியிருக்குமானால், கெட்டி ஆயில் முள்ளை உயர்த்திய பிறகும் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும். அதுமட்டுமோ, விடியற்காலையில் என்ஜினைக் கிளப்பும்போது கெட்டி ஆயில் ராக்கர் வரை ஏறத் தாமதமாகிறது. ஃபில்டருக்குள் நுழையச் சிரமப்பட்டு, பைபாஸ் வால்வைத் திறந்துகொண்டு, வடிகட்டப்படாமலே பேரிங்குக்குப் போகவும் கூடும். தேய்ந்த என்ஜினுக்கு இதைவிட விபரீதம் வேறென்ன வேண்டும்?

எனவே ஆயிலைத் தேர்ந்தெடுக்குமுன் காரணத்தைத் தேடு. வண்டியின் மீட்டரை நம்பாமல் வேறொரு நல்ல கேஜை மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பின் ஐடிலிங்கில் பிரஷரை அளந்து, கம்பெனி மானுவல் சொல்லும் அளவோடு ஒப்பிட்டுப் பார். டிப் ஸ்டிக்கில் மட்டம் குறைய வேண்டியதற்குப் பதிலாக ஏறியிருந்து, முகர்ந்தால் டீசல் வாடையும் வந்தால், இன்ஜெக்டரோ பம்போ ஒழுகி ஆயிலை நீர்க்கச் செய்கிறதென்று அறிந்துகொள். அந்நிலையில் எந்தக் கெட்டி ஆயிலும் சில நாட்களில் நீர்த்தே போகும்.

பிரஷர் சரியாக இருந்து, நீலப் புகையோடு ஆயில் மட்டும் குடிக்கிறதென்றால், சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு, மானுவல் அனுமதிக்கும் பட்சத்தில், போர் வேலை பார்க்கும் வரைக்கும் 20டபிள்யூ-50 நியாயமான ஏற்பாடுதான். அதை நான் தயங்காமல் ஆதரிப்பேன். இதற்கு நேர்மாறாக, டீசல் மிச்சமாகும் என்று யாரேனும் எஃப்.ஏ-4 தரத்து மெல்லிய ஆயிலைக் கொண்டுவந்தால் கண்டிப்பாக மறுத்துவிடு. 2016-இல் வந்த அந்தத் தரம் அதற்கென்றே வடிவமைத்த புது என்ஜின்களுக்கு உரியது. அதனுடன் வந்த சி.கே-4 தரத்து 15டபிள்யூ-40 பழைய என்ஜினுக்கும் தாராளமாகப் பொருந்தும்.

முதலாளியிடம் இவற்றையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல். அவர் கேட்பது பிரஷர் என்றாலும், அவருக்கு வேண்டியது வழியில் நிற்காத வண்டியல்லவா? இந்த முறை 15டபிள்யூ-40 ஊற்றி, தேதியையும் கிலோமீட்டரையும், இடையில் டாப்-அப் செய்யும் லிட்டர்களையும் நோட்டில் குறித்து வை. கழற்றிய ஃபில்டரை எறிந்துவிடாமல் வெட்டிப் பிரித்து, காகித மடிப்புகளை வெளிச்சத்தில் காட்டிப் பார். செம்பு நிறத் துகள்கள் மின்னினால், ஆயிலைப் பற்றிய பேச்சை அத்துடன் நிறுத்தி, சேம்பரை இறக்கிப் பேரிங்கைப் பார்க்க அவரிடம் அனுமதி கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்