நாலு மணித் தேத்தண்ணிக்கு அழை

பதுளை,
ஆவணி மாதம்.

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து பெரியப்பாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, மற்றபடி குறை ஒன்றுமில்லை.

நேற்று உன் அம்மா ஃபோனில் பேசினாள். வருகிற ஞாயிறு சம்பந்தி வீட்டாரும் மாப்பிள்ளையின் பேங்க் ஆட்களும் வீடு பார்க்க வருகிறார்களாம், இருபது பேருக்குக் குறையாதாம். ஹோட்டல் ஒன்றில் தலைக்கு 3,500 ரூபா என்று பேசி வைத்திருக்கிறாயாம். ஹோட்டலா, வீட்டிலேயே சமைப்பதா என்று பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாய் என்றாள். சந்தோசம். ஃபோனை வைக்கப் போகிற நேரத்தில்தான் நீ சங்கிலியை அடகு வைக்கப் போகிற விஷயத்தைச் சொன்னாள். அதிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை.

முடிவு உன்னுடையது மகளே. நீ படித்தவள், உழைக்கிறவள், உன் வீட்டுக்கு யாரை எப்படி அழைப்பது என்று உனக்குத் தெரியும். நான் சொல்வதைச் சொல்கிறேன், உனக்குச் சரியென்று பட்டதைச் செய்.

இருபது பேருக்கு 70,000 ரூபா. 2024இல் தோட்டத்து அடிப்படை நாள் சம்பளத்தை 1,350 ரூபா ஆக்குவதற்கு எத்தனை கூட்டம், எத்தனை போராட்டம் நடந்தது என்று உனக்குத் தெரியும். அந்தக் கணக்கில் பார்த்தால், பசறையில் இன்னும் கொழுந்துக் கூடை போடுகிற உன் சின்னம்மா ஐம்பது நாளைக்கு மேல் காலைப் பெரட்டுக்குப் போய் முழு நாள் பேர் வாங்கினால்தான் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு சேரும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம்தான். நீ இப்போது தோட்டத்தில் இல்லை, உன் சம்பளம் வேறு, உண்மைதான். கையில் இருக்கிற காசு என்றால் நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் அடகுக் கடையிலிருந்து வருகிற காசு என்றால் எப்படிச் சும்மா இருப்பேன்? லுணுகலைக் கல்யாணத்துக்கு அடகு வைத்த வளையல் என்ன ஆனது என்று உன் அம்மாவைக் கேள். அவள் சொல்லமாட்டாள், எனக்கும் அதை எழுதக் கை வரவில்லை. தீபாவளி அட்வான்ஸ் எடுத்து, பண்டிகை முடிந்து மாதக்கணக்காகச் சம்பளத்தில் வெட்டுப்பட்டு, அந்த வெட்டு முடிகிற நேரத்தில் அடுத்த தீபாவளி வந்து நிற்கிற வீட்டிலிருந்து நீ படித்து வெளியே வந்தவள்.

நான் சொல்கிற வழி இது. பகல் சாப்பாட்டுக்கு அழைக்காதே. நாலு மணித் தேத்தண்ணிக்கு அழை.

இதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கொழும்பிலிருந்து விடியக்காலை ரயிலில் ஏறுகிற சம்பந்தி வீட்டார் உங்கள் பண்டாரவளை வந்து இறங்கப் பிற்பகல் ஆகிவிடும். ரயிலிலேயே எதையாவது வாங்கிச் சாப்பிட்டு, களைத்துப்போய் வருவார்கள். அந்த நேரத்தில் பதினைந்து வகைக் கறியை முன்னால் வைத்தால் யார் தின்பது? முகம் கழுவத் தண்ணீரும், உட்கார நல்ல இடமும், சூடாக ஒரு தேத்தண்ணியும்தான் அவர்களுக்கு வேண்டும். பேங்க் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வருவார்கள். உங்களுக்கும் காலையில் சந்தைக்குப் போக நேரம் கிடைக்கும்.

தேத்தண்ணி என்றதும் பேக் டீயையும் சோடாப் போத்தலையும் வாங்கி வைத்துவிடாதே. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஊவாவில் பிறந்த பிள்ளையின் வீட்டில், அதுவும் இந்த மாதத்தில், விருந்தாளிக்குச் சோடாவை ஊற்றி நீட்டுவது எனக்குப் பொறுக்காது. ஆடி, ஆவணி, புரட்டாதி மூன்று மாதமும் இந்த மலையில் காற்று காய்ந்து அடிக்கும். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிற காற்று அது. அப்போது செடி தவிக்கும், கொழுந்து குறையும், கூடை நிறையாது, பேர் விழாது. ஆனால் அந்தக் கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் வாசம் ஏறும். சாயம் செம்பொன் நிறத்தில் பளிச்சென்று இருக்கும், குடித்த பிறகு தொண்டையில் ஒரு குளிர்ச்சி நிற்கும். உலகத்தில் தேயிலை தெரிந்தவர்கள் இந்தப் பருவத்துக்காகக் காத்திருந்து வாங்குகிறார்கள். அதைப் பறித்தவள் உன் பாட்டி.

பாட்டி அதை ஒரு நாளாவது குடித்தாளா? பெரியப்பா தேயிலை ஸ்டோரில் சல்லடைக்குப் பக்கத்தில் வேலை பார்த்தபோது சொல்வார்: பி.ஓ.பி. ஒரு பக்கம், பி.ஓ.பி.எஃப். ஒரு பக்கம், டஸ்ட் ஒரு பக்கம் என்று தூள் தரம் தரமாகப் பிரிந்து விழும். நல்லதெல்லாம் கட்டி, நிறுத்து, முத்திரை குத்திக் கொழும்புக்குப் போகும். அங்கே 1883இல் தொடங்கிய தேயிலை ஏலம் இன்றைக்கும் நடக்கிறது. லயத்துக்கு மாதத்துக்கு ஒரு தடவை தூசித் தூள் வரும், அதற்கும் செக்ரோலில் எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். தாமஸ் லிப்டன் 1890இல் வந்து, ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னையை வாங்கி, தோட்டத்திலிருந்து நேரே டீப் பொட்டுக்கு என்று சொல்லிச் சொல்லி உலகமெல்லாம் விற்றார். அவர் உட்கார்ந்து பார்த்த குன்றுக்கு இன்றைக்கும் சனம் விடியுமுன்னே ஏறிப் படம் எடுக்கிறது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் வீட்டு அடுப்பில் கொதித்தது தூசிச் சாயம். சீனி இல்லாத நாளில் ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அதைத்தான் குடித்தோம். எனக்கு அந்த ஆற்றாமை இன்னும் இருக்கிறது மகளே. அதனால்தான் சொல்கிறேன், உன் வீட்டில், உன் கையால், நல்ல பி.ஓ.பி. ஊற்று. உன் பாட்டியின் பேத்தி வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் குடிக்கட்டும்.

செலவைப் பார். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது இரண்டரைக் கிராம் போதும். இருபது கோப்பைக்கு 50 கிராம். எல்லோரும் இரண்டாம் கோப்பை கேட்டாலும் 100 கிராம்தான். சோடாவுக்கு நீ கொடுக்கிற காசில் இது பாதிகூட வராது.

ஆனால் முறையாகப் போட வேண்டும். குழாயில் புதிதாகப் பிடித்த தண்ணீரைக் கொதிக்க வை, காலையில் கொதித்து ஆறிய தண்ணீரைத் திரும்பச் சூடு காட்டாதே. பீங்கான் பொட்டில் முதலில் கொஞ்சம் கொதிநீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடு. பிறகு தூளைப் போட்டு, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வை. மூன்று நிமிசம், கூடிப்போனால் நாலு. அதற்கு மேல் விட்டால் கசக்கும். சூடாக்கி வைத்த இன்னொரு பொட்டுக்கு உடனே வடித்துவிடு. பாலைக் காய்ச்சித் தனியாக ஒரு சின்னக் கூஜாவில் வை, சீனியும் தனியாக. பால்மாவைக் கரைத்து இரண்டு டம்ளரில் மாறி மாறி அடிக்கிற தேத்தண்ணி நமக்குப் பழகியதுதான், மற்ற நாளில் குடிக்கலாம். இந்தத் தூளுக்கு அது வேண்டாம், வாசம் செத்துப்போகும்.

கூட வைக்க என்ன என்று கேட்பாய். ரொட்டி சுடு. உன் முகம் சுருங்குவது இங்கிருந்தே தெரிகிறது. லயத்து ரொட்டியைச் சம்பந்திக்கு வைப்பதா என்கிறாய். எல்லவுக்குப் போய்ப் பார், வெள்ளைக்காரர்களுக்குப் பொல் ரொட்டியும் லுணுமிரிஸும் என்று பலகையில் எழுதி வைத்து நல்ல விலைக்குக் கொடுக்கிறார்கள். எழுபத்துமூன்று, எழுபத்துநாலில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த நாளில் இந்த ரொட்டிக்கு மா கிடைக்காமல் நாங்கள் மரவள்ளியை அவித்துத் தின்றோம். 2022இல் கேஸ் இல்லாமல் கொழும்பே விறகு தேடியபோது, உன் வீட்டு முற்றத்தில் மூன்று கல்லை வைத்து நீதானே ரொட்டி சுட்டாய்? அப்போது சாப்பிட வந்த மாப்பிள்ளையின் தம்பி எத்தனை தின்றான் என்று நினைவிருக்கிறதா? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பெரிதாகத் தட்டாதே. உள்ளங்கை அளவு, தடிப்பு குறைவாக. இரண்டு கிலோ கோதுமை மாவுக்கு மூன்று தேங்காய். தேங்காய் விற்கிற விலைக்கு ஒன்றையும் வீணாக்கக் கூடாது: ராத்திரிக் கறிக்கு முதல் பாலும் இரண்டாம் பாலும் பிழிந்த பிறகு, அந்தச் சக்கையை ரொட்டி மாவில் பாதிக்குச் சேர்த்துக்கொள், மற்றப் பாதிக்குப் புதுத் தேங்காய்ப்பூ. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் பொடியாக அரிந்து, உப்பு போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிசைந்து அரை மணி நேரம் ஈரத் துணியால் மூடி வை. கல்லை நன்றாகக் காயவிட்டு நெருப்பைக் குறை. ஓரம் கருகி நடு வேகாமல் இருந்தால் அந்த ரொட்டியை மேசைக்குக் கொண்டுபோகாதே.

கட்டச் சம்பலை முதல் நாளே அம்மியில் அரைத்து வைக்கலாம், தேசிக்காய் மட்டும் கடைசியில். மாசிக் கருவாடு போட்டது ஒரு கிண்ணம், போடாதது ஒரு கிண்ணம், சம்பந்தியம்மா அன்றைக்கு விரதமாக இருந்தால் சங்கடம் வராது. கடலையை ஊறவைத்து அவித்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளி. இனிப்புக்கு மொனராகலைப் பக்கமிருந்து வருகிற எருமைத் தயிர் இரண்டு சட்டியும் கித்துள் பாணியும் போதும். கேக் வேண்டாம்.

ராத்திரி தங்குகிறவர்களுக்கு மட்டும் சோறு. சம்பா, பருப்பு, வெலிமடைக் கிழங்குப் பிரட்டல், போஞ்சிப் பால்கறி, ஒரு கோழி. ஞாயிறு காலையே மாப்பிள்ளையைச் சந்தைக்கு அனுப்பு, மண் ஒட்டிய கிழங்கைப் பார்த்து எடுக்கச் சொல்.

மேசைக்குப் புதிதாக ஒன்றும் வாங்காதே. உன் கல்யாணத்துக்குக் கிடைத்த வெள்ளை விரிப்பைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புத் தெரியாமல் இஸ்திரி போடு. கோப்பை போதாவிட்டால் ஆட்களை இரண்டு பந்தியாகப் பிரி. பக்கத்து வீட்டில் ஒரு நிறம், அடுத்த வீட்டில் ஒரு நிறம் என்று இரவல் வாங்கி அடுக்காதே. ரொட்டியை வாழையிலை விரித்த தட்டில் அடுக்கி, மேலே ஒரு துணி மூடு. முற்றத்துப் பூவில் இரண்டு கொத்து. வாசல் படியைக் கழுவு. முக்கியமாக, ஆட்கள் வந்த பிறகு நீ குசினிக்குள்ளேயே நிற்காதே. வேர்த்து விறுவிறுத்து ஓடுகிற வீட்டுக்காரியைப் பார்த்தால் விருந்தாளிக்குத் தொண்டையில் இறங்காது. சேலை மாற்றி, தலை வாரி, டீப் பொட்டுக்குப் பக்கத்தில் நீயே உட்கார்ந்து ஊற்று. “இது எங்கள் மலைத் தேயிலை, எங்கள் பாட்டி பறித்த மலை” என்று சொல்லு. சத்தமாகச் சொல்லு.

நிறைய எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ சமைக்கத் தெரியாதவள் என்றோ, கெட்டிக்காரி இல்லை என்றோ நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நம் குடும்பத்தில் முதலில் காற்சட்டை போட்டு ஆபீஸுக்குப் போனவள் நீ, பதுளை முழுக்க நான் அதைச் சொல்லித் திரிகிறேன். பெரியப்பாவும் அப்படித்தான். நீ ஹோட்டலில்தான் வைப்பேன் என்றாலும் நான் புதுச் சேலை கட்டி முதல் ஆளாக வந்து நிற்பேன், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்வேன். உன் கை நல்ல கை ராசாத்தி, உன் பாட்டியின் கை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வந்துவிடுகிறேன். தூள் வாங்கியாகிவிட்டது, தேங்காயும் இங்கிருந்தே கொண்டுவருகிறேன், நீ வாங்காதே.

அன்புடன்,
பெரியம்மா