தொழுகை நேரம் காட்டும் செல்போனும் நம் கையிலுள்ள அமானத்தும்



நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வருபவர்களானாலும், மாதச் சந்தா கட்ட வருபவர்களானாலும், செல்போனைப் பற்றிய பேச்சு வராத நாள் குறைவு. "இந்த ஆப்பை உடனே அழித்துவிடுங்கள்" என்று ஒரு செய்தி வரும். அடுத்த வாரம் "அரசாங்கம் நம் பேச்சையெல்லாம் பதிவு செய்கிறது" என்று இன்னொன்று வரும். சிலர் பதறுவார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலோர் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட செய்தி வந்தால் நாம் எப்படி நடந்துகொள்வது? நம் வீடுகளோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பாடமாகப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

2020 நவம்பரில் அமெரிக்காவின் 'வைஸ்' நிறுவனத்தைச் சேர்ந்த 'மதர்போர்டு' என்ற தொழில்நுட்பச் செய்திப் பிரிவு ஒரு செய்தியை வெளியிட்டது. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்ற ஆப், அதைப் பயன்படுத்துவோர் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவலை 'எக்ஸ்-மோடு' என்ற நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தது. எக்ஸ்-மோடு அப்படிச் சேர்த்த தகவலை ஒப்பந்ததாரர்களுக்கு விற்றது. அவர்கள் வழியாக அது அமெரிக்க ராணுவத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது அந்த ஆப் உலகம் முழுவதும் 9 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் பதிவிறக்கப்பட்டிருந்தது. நம் ஊரிலும் பல செல்போன்களில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது அதுதான்.

சில நாட்களிலேயே அந்த ஆப்பை நடத்தும் நிறுவனம், ராணுவத்துக்குத் தகவல் விற்றதாகச் சொல்வது தவறு என்று மறுத்தது. அதே நேரம் எக்ஸ்-மோடு உட்பட அத்தகைய கூட்டாளி நிறுவனங்கள் எல்லாவற்றோடும் தொடர்பை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது.

இது எப்படி நடக்கிறது?

இலவசமாகக் கிடைக்கும் ஆப்பை நடத்தவும் செலவு உண்டு. விளம்பரம் ஒரு வருமானம். இன்னொரு வருமானம், வேறொரு நிறுவனம் எழுதித் தரும் சிறு நிரலைத் தன் ஆப்புக்குள் சேர்த்துக்கொள்வது. இதை எஸ்.டி.கே. என்பார்கள். நாம் தொழுகை நேரத்துக்காக 'இருப்பிடத்தைப் பார்க்கலாம்' என்று அனுமதி கொடுக்கிறோம். அதே அனுமதியைக் கொண்டு உள்ளே இருக்கும் அந்த நிரலும் நம் இருப்பிடத்தை எடுத்துத் தன் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. வீட்டுக்காரரைப் பார்க்க வந்தவர் பின்னால், நாம் அழைக்காத இன்னொருவரும் உள்ளே நுழைந்துவிட்டது போல.

"அதில் நம் பெயர் இல்லையே" என்று கேட்கலாம். பெயர் இருக்காது, செல்போனுக்கு உரிய ஓர் எண் இருக்கும். ஆனால் இரவு முழுவதும் ஒரு செல்போன் எங்கே கிடக்கிறதோ அதுதான் அவர் வீடு. பகலில் எங்கே இருக்கிறதோ அது அவர் வேலை செய்யும் இடம். வெள்ளிக்கிழமை மதியம் எந்தப் பள்ளிவாசலில் இருக்கிறது, எந்த மருத்துவமனைக்குப் போய்வந்தது என்பதும் தெரியும். இவ்வளவும் கையில் இருந்தால் பெயரைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை.

நாம் கேட்ட நான்கு பதில்கள்

இந்தச் செய்தியையும் இது போன்ற செய்திகளையும் பற்றிப் பேசும்போது நாம் திரும்பத் திரும்பக் கேட்பவை நான்கு பதில்கள். ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலாவது: "அழித்துவிட்டேன், பிரச்சினை முடிந்தது." அழிப்பதில் தவறில்லை. ஆனால் முன்பே போய்விட்ட தகவல் திரும்பி வராது. மேலும், அதை அழித்தவர்கள் உடனே வேறொரு தொழுகை ஆப்பைத்தான் போட்டுக்கொண்டார்கள். இரண்டே மாதத்தில், 2021 ஜனவரியில், 'ஸலாத் ஃபர்ஸ்ட்' என்ற ஆப்பும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு இருப்பிடத் தகவல் விற்றுவந்ததாக அதே செய்திப் பிரிவு எழுதியது. ஆப்பை மாற்றிக்கொண்டு, அனுமதி கொடுக்கும் பழக்கத்தை அப்படியே வைத்திருந்தால் பயனில்லை.

இரண்டாவது: "நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது? தப்பு செய்பவன்தானே பயப்பட வேண்டும்?" இது நல்லவர்கள் சொல்லும் பதில். ஆனாலும் யோசிக்க வேண்டும். நாம் வாசலில் திரை போடுவது உள்ளே குற்றம் நடப்பதால் அல்ல. பிறர் வீட்டுக்குப் போனால் ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு, கிடைத்த பிறகே உள்ளே போக வேண்டும் என்று மத்ரஸாவில் படித்தோம். அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் படித்தோம். பிறர் குறையைத் துருவிப் பார்க்கக் கூடாது என்றும் படித்தோம். அந்தரங்கம் என்பது மரியாதை சம்பந்தப்பட்டது. அதோடு நம் செல்போனில் இருப்பது நம் விஷயம் மட்டுமல்ல. உம்மாவின் மருத்துவச் சீட்டு, பிள்ளைகளின் புகைப்படம், நம்மிடம் கடன் கேட்டவர் அனுப்பிய செய்தி எல்லாம் அதில் இருக்கின்றன. நமக்கு மறைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், அவர்கள் சார்பில் வாசலைத் திறந்துவிட நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது: "அவர்களுக்கு எல்லாம் தெரியும், நாம் என்ன செய்ய முடியும்?" நடந்ததைப் பார்த்தால் இந்த விரக்திக்குக் காரணம் இல்லை. செய்தி வந்ததும் பயன்படுத்துவோர் கேள்வி கேட்டார்கள், அமைப்புகள் குரல் கொடுத்தன, அந்த ஆப் தொடர்பை முறித்தது. 2020 டிசம்பரில் ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் நிரலை எல்லா ஆப்களிலிருந்தும் எடுத்துவிடச் சொல்லின. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களைக் காட்டிக்கொடுக்கும் தகவலை விற்க அந்த நிறுவனத்துக்குத் தடை விதித்தது. தாமதம்தான். ஆனால் கேட்டதால் நடந்தது.

நான்காவது: ஒன்றும் சொல்லாமல் பத்துக் குழுக்களுக்கு அனுப்புவது. இதுதான் அதிகம் நடக்கிறது. உண்மைச் செய்தியும் கைமாறக் கைமாற "அமெரிக்க ராணுவமே உருவாக்கிய ஆப்" என்ற அளவுக்கு வளர்ந்துவிடும். முழுப் பொய்யும் இதே வழியில்தான் வருகிறது. "மூன்று சிவப்பு டிக் வந்தால் அரசு உங்கள் மீது நடவடிக்கை எடுத்துவிட்டது" என்ற வாட்ஸ்அப் செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அப்படி ஒன்றும் இல்லை என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை அறியும் பிரிவு மறுத்தும் அது ஓயவில்லை. பொய்க்குப் பயந்து பழகியவர்கள், உண்மையான எச்சரிக்கை வரும்போது அதையும் பொய் என்று தள்ளிவிடுகிறார்கள். இதுதான் பெரிய நஷ்டம்.

சட்டம் நம்மைக் காப்பாற்றுமா?

ஓரளவுக்கு. அமெரிக்காவில் 2018-ல் உச்ச நீதிமன்றம், ஒருவர் எங்கெங்கே போனார் என்ற பழைய விவரங்களைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து காவல்துறை வாங்க வேண்டுமானால் பொதுவாக நீதிமன்ற வாரண்ட் தேவை என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதே மாதிரித் தகவலைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கினால் வாரண்ட் தேவையில்லை என்று அரசு அமைப்புகள் நடந்துகொண்டன. முன்வாசலைப் பூட்டினால் போதாது, கொல்லைப்புறத்தையும் பார்க்க வேண்டும் என்பதை அது காட்டியது.

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்றார்கள். வழக்குத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அதைத் தொடர்ந்த நீண்ட விவாதங்களுக்குப் பிறகு 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். எதற்காகத் தகவல் கேட்கிறார்கள் என்று புரியும்படி சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம், தவறைத் திருத்தச் சொல்லலாம், தேவை முடிந்தால் அழிக்கச் சொல்லலாம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

குறையும் சொல்ல வேண்டும். மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துக்கொள்ள இதில் இடம் இருக்கிறது. இதைப் பலர் கண்டித்திருக்கிறார்கள். மக்கள் விழிப்பாக இருந்தால்தான் சட்டத்துக்கு உயிர் உண்டு. 2025 டிசம்பரில் 'சஞ்சார் சாத்தி' ஆப்பை எல்லாப் புதிய செல்போன்களிலும் கட்டாயம் பதிந்து விற்க வேண்டும் என்ற அரசு உத்தரவு வெளியே தெரிந்து எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களில் அந்தக் கட்டாயம் திரும்பப் பெறப்பட்டது. அதே சஞ்சார் சாத்தி, தொலைந்த செல்போனை முடக்கவும், நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கவும் உதவுகிறது. நாமாக விரும்பி ஒன்றைப் பயன்படுத்துவதும், கேட்காமல் நம் கையில் திணிக்கப்படுவதும் ஒன்றல்ல.

நம் பக்கத்துக் கணக்கு

பிறரைக் கேட்கும் முன் நம்மை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். சென்ற ஒரு நோன்புக் காலத்தில் அரிசி, மளிகைப் பை வழங்கியபோது எடுத்த படங்களைக் குழுவில் போட்டோம். நன்கொடை கொடுத்தவர்கள் பார்த்து மகிழட்டும் என்பதுதான் எண்ணம். மறுநாள் ஒரு சகோதரி அலுவலகத்துக்கு வந்தார். "வாங்கினது தப்பில்லைங்க. என் மகளைப் பெண் பார்க்க வந்தவங்க போன்ல அந்தப் படம் இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நாமும் பதில் சொல்ல முடியவில்லை. படத்தை அழித்தோம். ஆனால் எத்தனை செல்போன்களில் அது இறங்கியிருக்கும் என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

அந்த ஆப் செய்ததற்கும் நாம் செய்ததற்கும் அளவில் வித்தியாசம் உண்டு, தன்மையில் அதிகம் இல்லை. ஒரு தேவைக்காக நம்பிக் கொடுத்ததை, கேட்காமல் வேறொன்றுக்குப் பயன்படுத்தினோம். புதிய சட்டம், தகவலை வைத்திருப்பவரை 'நம்பி ஒப்படைக்கப்பட்டவர்' என்ற பொருளுள்ள சொல்லால் அழைக்கிறது. நம் வீடுகளில் அதற்கு அமானத் என்று பெயர். கம்ப்யூட்டரில் பட்டியல் வைத்திருக்கும் நம்மைப் போன்ற அறக்கட்டளைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

எனவே மூன்று மாற்றங்கள் செய்திருக்கிறோம். உதவி பெறுவோரின் முகம் தெரியும் படம் இனி எங்கும் வெளியிடப்படாது, கணக்கு மட்டும் வெளியிடப்படும். விண்ணப்பத்தோடு ஆதார் தர வேண்டியிருந்தால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மறைத்த ஆதார்' போதும். உதவி முடிந்த விண்ணப்பங்களின் ஜெராக்ஸ் பிரதிகள், தணிக்கைக்குத் தேவையான காலம் முடிந்ததும் கிழித்து அழிக்கப்படும், பழைய பேப்பர் கடைக்குப் போகாது.

இன்று இரவே வீட்டில் செய்யக்கூடியவை

செல்போனின் அமைப்புகளில் 'இருப்பிடம்' என்ற பகுதியைத் திறந்து, எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். எப்போதும் பார்க்கலாம் என்று இருப்பதை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். தேவையில்லாததை நிறுத்துங்கள்.

தொழுகை நேரத்துக்கு நாம் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டியதில்லை, ஊர் தெரிந்தால் போதும். பல ஆப்களில் ஊர்ப் பெயரை நாமே தேர்ந்தெடுக்கலாம். துல்லியமான இருப்பிடத்தை நிறுத்திவிட்டுத் தோராயமான இருப்பிடத்தை மட்டும் தரும் வசதி இப்போதைய செல்போன்களில் உண்டு. வீட்டில் கிப்லா ஒரு முறை பார்த்தால் போதும், அது மாறாது. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணை யாருக்கும் தகவல் விற்பதில்லை.

ஆண்ட்ராய்டு செல்போனில் விளம்பர அமைப்புகளுக்குள் சென்று 'விளம்பர ஐ.டி.யை நீக்கு' என்பதை அழுத்தலாம். ஐபோனில் 'என்னைப் பின்தொடர வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பயமுறுத்தும் செய்தி வந்தால், யார் சொன்னது, எந்தத் தேதி, நாளிதழில் வந்ததா என்று பாருங்கள். மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

வீட்டில் சேர்ந்து பேச மூன்று கேள்விகள்

1. நம் வீட்டுப் பிள்ளைகளின் படத்தை யார் யாருக்கு அனுப்பியிருக்கிறோம்? அவர்கள் பெரியவர்களான பிறகு அதை விரும்புவார்களா?

2. கடைசியாக நாம் அனுப்பிய ஐந்து செய்திகளில் எத்தனை உண்மை என்று நமக்குத் தெரியும்?

3. நம்மை நம்பி ஒருவர் சொன்ன விஷயம் நம் செல்போனில் இருக்கிறதா? அது இன்னும் அங்கே இருக்க வேண்டுமா?

இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் செல்போனைக் கீழே வைத்துவிட்டு இதைப் பேசிப் பாருங்கள். சிறு பிள்ளைகள் சொல்லும் பதிலையும் கேளுங்கள். அமைப்புகளை மாற்றத் தெரியாத முதியவர்கள், லுஹருக்குப் பிறகு செல்போனோடு அலுவலகத்துக்கு வந்தால் நம் தொண்டர்கள் உடன் இருந்து மாற்றித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். செல்போன் உங்கள் கையிலேயே இருக்கும், எங்கே தொட வேண்டும் என்று மட்டும் அவர்கள் சொல்வார்கள்.

வஸ்ஸலாம்.