வீட்டில் மூன்று ரிமோட் எதற்கு? – ஓர் எளிய பாடம்



நம் வீடுகளில் தொலைக்காட்சிக்கு எதிரே இருக்கும் முக்காலியில் இன்று குறைந்தது இரண்டு ரிமோட்டாவது கிடக்கும். டி.வி.க்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று. சவுண்ட்பாரோ டி.வி.டி. பிளேயரோ இருந்தால் மூன்றாவதும் உண்டு. தமிழில் 'தொலையியக்கி' என்று அழகாகச் சொல்லலாம். ஆயினும் எல்லோரும் ரிமோட் என்றே வழங்குவதால் இக்கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

முன்பு இந்தத் தொல்லை இல்லை. கேபிள் வயர் நேராக டி.வி.யின் பின்புறம் செருகப்பட்டிருந்தது. ஒரே ரிமோட்டில் எல்லாம் நடந்தது. 2011ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, டிஜிட்டல் முறை கட்டாயமாக்கப்பட்டது. நான்கு பெருநகரங்களை முதற்கட்டமாகக் கொண்டு தொடங்கிய இம்மாற்றம் நான்காம் கட்டத்தில் கிராமங்களுக்கு வந்தது. அந்தக் கடைசிக் கட்டத்துக்குக் கெடு 2017 மார்ச் 31. கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதித் தோட்டக் குடியிருப்புகளுக்கும் செட்டாப் பாக்ஸ் வந்த கதை இதுதான். கூடவே இரண்டாவது ரிமோட்டும் வந்தது.

இதில் அதிகம் திண்டாடுபவர்கள் வயதானவர்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார். கை தவறி டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்திவிட்டால் திரை நீலமாகி 'நோ சிக்னல்' என்று நிற்கும். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் படம் திரும்பாது. பாலக்காடு நகரில் என்றால் கேபிள்காரர் மாலைக்குள் வந்துவிடுவார். மழைக்காலத்தில் மலை மேல் இருக்கும் லயன் வீட்டுக்கு அவர் வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் செய்தியும் இல்லை, பாட்டும் இல்லை, மனிதக் குரலே இல்லை. ஆகவே இதை வெறும் சௌகரியப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

ரயில்வேயின் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்து வீடுகளில் இந்த வேலையைச் செய்து கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெரும்பாலான வீடுகளில் காசு செலவில்லாமலே இரண்டு ரிமோட்டை ஒன்றாக்கிவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

ரிமோட் எப்படிப் பேசுகிறது?

ரிமோட்டின் நெற்றியில் சிறு கண்ணாடி மணி போல் இருப்பது அகச்சிவப்பு எல்.இ.டி. அதன் ஒளியின் அலைநீளம் சுமார் 940 நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியாது. சூரிய வெளிச்சத்திலும் அகச்சிவப்பு உண்டு. அதனோடு குழம்பாமல் இருக்க, ரிமோட் தன் ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 முறை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. டி.வி.யில் உள்ள கண் இந்தத் துடிப்புள்ள ஒளியை மட்டுமே கவனிக்கும். பல ரிமோட்டுகளின் உள்ளே 455 கிலோஹெர்ட்ஸ் அதிர்வுள்ள ஒரு சிறு பீங்கான் துண்டு இருக்கிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் இந்த 38 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கிறது.

இந்தத் துடிப்பைக் கொண்டு ரிமோட் ஒரு செய்தி அனுப்புகிறது. பல கம்பெனிகள் பின்பற்றும் என்.இ.சி. என்ற முறையை எடுத்துக்கொள்வோம். முதலில் 9 மில்லி செகண்டு நீண்ட ஒளி, பிறகு 4.5 மில்லி செகண்டு இடைவெளி. இது 'கவனி' என்று அழைப்பது போல. அதன்பின் சுழியும் ஒன்றுமாக 32 குறிகள் வரும். முதல் எட்டு, எந்தக் கருவிக்கு என்ற முகவரி. அடுத்த எட்டு, அதே முகவரி தலைகீழாக, அதாவது சுழி இருந்த இடத்தில் ஒன்றும், ஒன்று இருந்த இடத்தில் சுழியுமாக. மூன்றாவது எட்டு, 'ஒலியைக் கூட்டு' என்பது போன்ற கட்டளை. கடைசி எட்டு, அந்தக் கட்டளை தலைகீழாக. இவ்வளவும் சேர்ந்து 67.5 மில்லி செகண்டுதான்.

ரயில்வேயில் பணிபுரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கண்ட்ரோல் டெலிபோனில் ஒரே லைனில் பல ஸ்டேஷன்கள் இருக்கும். கண்ட்ரோலர் ஒரு ஸ்டேஷனின் எண்ணை அழைத்தால் அந்த ஸ்டேஷனில் மட்டுமே மணி அடிக்கும். மற்றவை சும்மா இருக்கும். ரிமோட்டின் முகவரியும் அப்படித்தான். கேட்டை மூடச் சொன்ன செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்ய ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்மேனும் பிரைவேட் நம்பர் பரிமாறிக்கொள்வார்கள். தலைகீழ்க் குறியும் அதே போன்ற முன்னெச்சரிக்கைதான். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் டி.வி. அந்தச் செய்தியைத் தள்ளிவிடும்.

எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில் பேசுவதில்லை என்பதுதான் சிக்கல். பிலிப்ஸ் வகுத்த ஆர்.சி.-5 முறையில் 36 கிலோஹெர்ட்ஸ், 14 குறிகள். சோனியின் முறையில் 40 கிலோஹெர்ட்ஸ். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் நமக்கு இது எளிதில் விளங்கும். பல பாஷை தெரிந்த ரிமோட்தான் யுனிவர்சல் ரிமோட்.

சிறு வரலாறு

1950இல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி வயர் இணைத்த ரிமோட்டை விற்றது. வயரில் கால் தடுக்கியது. 1955இல் அதே கம்பெனியின் யூஜின் பாலி, ஒளியால் இயங்கும் ரிமோட்டைச் செய்தார். ஆனால் வெயில் பட்டாலும் அது சேனலை மாற்றிவிடும். 1956இல் ராபர்ட் அட்லர், காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கும் ரிமோட்டை உருவாக்கினார். அதற்கு பேட்டரியே தேவையில்லை. அகச்சிவப்பு வந்தது அதற்கும் பிறகுதான். ஆப்பிள் கம்ப்யூட்டரை உருவாக்கிய ஸ்டீவ் வோஸ்னியாக், 1987இல் 'கோர்' என்ற பெயரில், பிற ரிமோட்டுகளின் குறிகளைக் கற்றுக்கொள்ளும் ரிமோட்டை வெளியிட்டார். அன்று புதுமையாக இருந்த அந்த வித்தை, இன்று நம் வீட்டு செட்டாப் பாக்ஸ் ரிமோட்டிலேயே பல சமயம் இருக்கிறது. நாம்தான் அதைக் கவனிப்பதில்லை.

முதல் வழி: கற்றுக்கொடுத்தல்

உங்கள் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டின் மேற்பகுதியையோ அடிப்பகுதியையோ பாருங்கள். தனிக் கட்டமிட்டு, 'டி.வி.' என்று எழுதி, நான்கைந்து பொத்தான்கள் இருந்தால் அவை கற்கும் பொத்தான்கள். செய்யவேண்டியது இதுதான்:

1. இரண்டு ரிமோட்டிலும் புதிய பேட்டரி போடுங்கள். தளர்ந்த பேட்டரியில் பாடம் தவறாகப் பதியும்.

2. இரண்டையும் மேஜையில் நெற்றிக்கு நெற்றி பார்க்கும்படி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒன்று தாழ்வாக இருந்தால் அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துச் சமன் செய்யுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம்.

3. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் 'செட்' பொத்தானைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். சிலவற்றில் 'செட்' இராது, டி.வி. பவர் பொத்தானையே பிடிக்க வேண்டும். பெட்டியோடு வந்த தாளில் இது இருக்கும், கேபிள்காரரிடமும் கேட்கலாம்.

4. கற்கவேண்டிய பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். விளக்கு மினுக்கும், 'சொல், கேட்கிறேன்' என்று பொருள்.

5. இப்போது டி.வி. ரிமோட்டில் அதற்குரிய பொத்தானை அழுத்துங்கள். விளக்கு வேகமாக மினுக்கியதும் கையை எடுத்துவிடுங்கள். வெகு நேரம் அழுத்தினால் 'மீண்டும், மீண்டும்' என்ற குறி மட்டும் போய்ச் சேரும். அது பதிந்தால் பயனில்லை.

6. மற்றப் பொத்தான்களுக்கும் அப்படியே செய்து, முடிவில் 'செட்' அழுத்திப் பதிவு செய்யுங்கள்.

எவற்றைக் கற்றுக்கொடுப்பது? பவர், ஒலி கூட்ட, ஒலி குறைக்க, பிறகு மறக்காமல் 'சோர்ஸ்'. பலர் முதல் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நீலத் திரையிலிருந்து மீட்கும் பொத்தான் நான்காவதுதான். ஆர்.சி.-5 முறை டி.வி. உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த முறையில் ஒவ்வொரு புதிய அழுத்தலுக்கும் ஒரு குறி மாறும். கற்ற ரிமோட் எப்போதும் ஒரே குறியை அனுப்புவதால், அடுத்தடுத்து அதே பொத்தானை அழுத்தினால் சில சமயம் டி.வி. ஏற்காது. இடையில் வேறொரு பொத்தானை அழுத்தினால் சரியாகும்.

இரண்டாம் வழி: கோடு கொடுத்தல்

டி.வி. ரிமோட் ஏற்கெனவே உடைந்து போயிருந்தால் கற்றுக்கொடுக்க ஆளில்லை. அப்போது கடையில் கிடைக்கும் யுனிவர்சல் ரிமோட் வாங்கவேண்டும். அதனுடன் வரும் தாளில் கம்பெனி வாரியாகக் கோடு எண்கள் இருக்கும். டி.வி.யைக் கையால் ஆன் செய்து, 'செட்' பிடித்து, எண்ணைக் கொடுத்துச் சோதியுங்கள். ஒரு கம்பெனிக்கே பல எண்கள் இருப்பதால் பொறுமை தேவை. தானே ஒவ்வொன்றாகத் தேடும் வசதியும் பலவற்றில் உண்டு, டி.வி. அணைந்த கணமே நிறுத்திப் பதிவு செய்யவேண்டும். சில மலிவு ரிமோட்டுகளில் பேட்டரியைக் கழற்றினால் கோடு அழிந்துவிடும். ஆகவே சரியான எண்ணைப் பேட்டரி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவையுங்கள்.

இரண்டு வழிகளையும் ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். கோடு புத்தகத்தில் இல்லாத டி.வி.க்கு, முக்கியமாக அதிகம் அறியப்படாத கம்பெனி டி.வி.க்கு, பழைய ரிமோட் ஒன்றே ஆசான். அது செத்தபின் அதன் பாஷையைச் சொல்லித் தர வேறு யாருமில்லை. எனவே பழைய ரிமோட் நன்றாக வேலை செய்யும்போதே பாடத்தை முடித்துவிடுங்கள். இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

எது முடியாது?

புதிய ஸ்மார்ட் டி.வி.களிலும், டி.வி.யில் செருகும் ஸ்டிக்குகளிலும் சில ரிமோட்டுகள் புளூடூத் என்னும் ரேடியோ அலையில் பேசுகின்றன. அவற்றின் பேச்சு அகச்சிவப்புக் கண்ணுக்குக் கேட்காது, கற்றுக்கொடுக்க இயலாது. ஆனாலும் அவற்றில் பலவற்றில் பவர், ஒலிப் பொத்தான்கள் மட்டும் அகச்சிவப்பிலேயே வேலை செய்கின்றன.

எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே இணைத்த கருவிகளுக்கு வேறொரு வசதி உண்டு. சி.இ.சி. என்ற ஏற்பாட்டின்படி கருவிகள் அந்தக் கேபிளிலேயே தங்களுக்குள் பேசிக்கொள்ளும். சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்றும், எல்.ஜி. சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. டி.வி.யின் செட்டிங்ஸில் இதை ஆன் செய்தால், டி.வி.யை அணைக்கும்போது சவுண்ட்பாரும் அணையும்; ஒலியையும் ஒரே ரிமோட்டில் கூட்டிக் குறைக்கலாம். மூன்றாவது ரிமோட்டுக்கு இப்படி விடுதலை கொடுக்கலாம்.

வேலை செய்யாவிட்டால்

ரிமோட்டைச் செல்போன் கேமராவுக்கு நேராகக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். கேமரா திரையில் வெளிர் ஊதா ஒளி மின்னினால் எல்.இ.டி. உயிரோடிருக்கிறது. பின்புறக் கேமராவில் தெரியாவிட்டால் முன்புறக் கேமராவில் பாருங்கள். சில போன்களின் பின்புறக் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும்.

ஒளி இல்லையென்றால் பேட்டரி ஸ்பிரிங்கைப் பாருங்கள். இடுக்கி மலையின் ஈரத்தில் அது பச்சை பூத்துப்போகும். உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். ஒரே ஒரு பொத்தான் மட்டும் அடம் பிடித்தால் அதன் அடியிலுள்ள கரி வில்லையில் அழுக்கு சேர்ந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதிக்கு இது வாடிக்கை. உள்பலகையைப் பஞ்சில் தொட்ட ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். கீழே விழுந்தபின் அடியோடு நின்றுபோன ரிமோட்டில், நான் மேலே சொன்ன பீங்கான் துண்டு விரிசல் கண்டிருக்கலாம். ரேடியோ ரிப்பேர் கடையில் சொற்பக் காசில் மாற்றித் தருவார்கள்.

கடைசியாக, இரண்டு யோசனைகள். வேலை முடிந்ததும், கற்றுக்கொடுத்த பொத்தான்களுக்குப் பக்கத்தில் சிறு தாள் ஒட்டி, தமிழில் 'டி.வி.', 'சத்தம்', 'படம் வராவிட்டால்' என்று எழுதுங்கள். பழைய ரிமோட்டின் பேட்டரியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் பத்திரப்படுத்துங்கள். பிறகு பாட்டியிடம் புதிய ரிமோட்டைக் கொடுத்து, வேண்டுமென்றே 'சோர்ஸை' மாற்றி நீலத் திரை வரவழைத்து, அவர் கையாலேயே படத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று முறை செய்தால் கை பழகிவிடும். ஓணத்துக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும் பிள்ளைகள் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.